கொம்பு சைக்கிள்காரர்

காபியா டீயா என்று அவரிடம் கேட்கக் கூடாது. எது இருக்கிறதோ அதை ஊற்றிக் கொடுத்துவிட வேண்டும். தெரியாமல் கேட்டுவிட்டால் அன்றைய பொழுது போச்சு. "பாலு இப்ப கறந்ததா, காலையில கறந்ததா?" என்பார். "டிகாஷன் எப்ப எறக்குனீங்க?" என்பார். டீத்தூள் டப்பாவைத் திறக்கச் சொல்லி மோந்து பார்ப்பார். கடைசியில், "ஒரு சொம்பு தண்ணி குடுங்க, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி, தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போவார். காவலூர் டீக்கடைக்காரர் இதை இவர் வந்த புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டார். இவர் தலை தெரிந்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் டீயை ஆற்றி முன்னால் வைத்துவிடுவார். இவரும் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்துவிடுவார்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. போளூர்ப் பக்கம் இப்போது பேரன் பேத்திகளோடு இருக்கக்கூடிய மனிதர். இந்த வயதில் என்னால் அவருக்கு ஒரு தர்மசங்கடம் வேண்டாம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வுக் கூடத்தில் மின்சார வேலை பார்த்தார். கூப்பிடு தூரத்தில் இருந்த சின்ன சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். ஊர் வாய்க்கு அவர் கொம்பு சைக்கிள்காரர். அந்தப் பெயரே இங்கே போதும்.

சைக்கிள் அவர் வாங்கியதில்லை. வானத்தைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வந்து சில மாதம் தங்கிய ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது அதை இவர் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனாராம். பந்தயத்துக்கு ஓட்டுகிற ரகம். ஹேண்டில்பார் ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும். டயர் என் கட்டைவிரல் பருமன்கூட இருக்காது. சட்டத்தில் ஒட்டியிருந்த சின்னப் பிடியைத் தள்ளினால் பின்னால் செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். ஏற்றத்தில் மிதிப்பது இலேசாகிவிடும். அப்போது நம் ஊர் சைக்கிள்களுக்கு பிரேக் என்றால் தடித்த இரும்புக் கம்பிதான். ஆயுசுக்கும் அறுந்து போகாது. இதற்கோ பிரேக்கும் கியரும் எல்லாமே முறுக்கிய மெல்லிய ஒயரில் ஓடின. அதைப் போய் நம் மலைப்பாதையில் ஓட்டினால் என்ன ஆகும்? சித்திரை மாசத்து வெயிலில் ஆலங்காயம் இறக்கத்தில் பின்பிரேக் ஒயர் பட்டென்று அறுந்தது. மனிதர் இரண்டு கையிலும் முட்டியிலும் தோல் உரிந்து என் முன்னால் வந்து நின்றார்.

நான் பஞ்சை எடுத்தேன். டிங்சர் பாட்டிலை எடுத்தேன். பக்கத்தில் இன்னொரு மருந்து பாட்டிலும் இருந்தது, அது என் கெட்ட நேரம்.

"இது ரெண்டுல எது நல்லதுங்க?"

"ரெண்டுமே நல்லதுதான். கைய நீட்டுங்க."

"ரெண்டுமே நல்லதுன்னா எதுக்கு ரெண்டு வெச்சிருக்கீங்க?"

ரத்தம் சொட்டுகிறது, மனிதர் கேள்வி கேட்கிறார். நான் டிங்சரை ஊற்றினேன். கத்துவார் என்று பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, கால்சட்டைப் பையிலிருந்து அறுந்த ஒயரை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். "பாருங்க, பிடிகிட்ட எப்பிடி ஒவ்வொரு இழையா பிஞ்சிருக்குது. உள்ள துரு. நாந்தான் பாக்காம வுட்டுட்டேன்" என்றார். காயத்தைவிட அந்த ஒயர்தான் அவருக்கு வலித்தது. போகும்போது, "மாத்தணும். ஆனா சும்மா எதையாவது வாங்கி மாட்டக் கூடாது. எறக்கத்துல உசுரு அதுலதான தொங்குது" என்றார்.

சரிதானே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் ஆரம்பித்தது எல்லாம்.

எங்கள் நிலையத்தில் தடுப்பூசி மருந்து வைக்க மண்ணெண்ணெயில் ஓடுகிற குளிர்பெட்டி ஒன்று இருந்தது. அடியில் விளக்கு எரியும். அந்தத் தீ நீலமாக எரிந்தால்தான் பெட்டி குளிரும். மஞ்சளானால் புகை கக்கி மருந்து கெட்டுவிடும். அதனிடம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கட்டு மாற்ற வந்தவர் ஒரு நாள் அதைக் குனிந்து பார்த்தார். அவ்வளவுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். திரியை வெட்டுவார், ஏற்றுவார், பார்ப்பார், அணைப்பார், மறுபடி வெட்டுவார். சாயங்காலம் தீ நீலமாக நின்றது. கன்னத்தில் கரியோடு எழுந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தட்டு உப்புமா சாப்பிடுங்க" என்றேன். வேண்டுமா என்று கேட்கவில்லை, கொடுத்தேன். சாப்பிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு சைக்கிள் எங்கள் பின்வராந்தாவுக்கு வந்து சேர்ந்தது. அவர் தங்கியிருந்த அறையை இன்னும் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டதால் அங்கே இடமில்லை. எங்கள் வராந்தாவில் உத்தரம் இருந்தது, சுவரில் ஆணி இருந்தது. அவருக்கு இரண்டும் தேவைப்பட்டன. ஏனென்றால் ஒயர் தேடும் படலம் தொடங்கிவிட்டது.

உள்ளே ஓடுவதை இன்னர் என்றும் மேலே இருக்கிற உறையை அவுட்டர் என்றும் கடைகளில் சொல்வார்கள். இதெல்லாம் அவரிடம் கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது. கியருக்கு மெல்லிசு ஒயர் போதும், பிரேக்குக்குத் தடிப்பு வேண்டும். மாற்றிப் போட்டால் எமலோகம். ஒயர் நுனியில் பிடிக்குள் உட்காருகிற ஈயக் குண்டு ஒன்று இருக்கும், அது ஒவ்வொரு நாட்டுக்காரனுக்கு ஒவ்வொரு வடிவம். ஆம்பூரிலிருந்து மொபெட்டின் கிளட்ச் ஒயர் ஒன்று வந்தது. இரும்பு மாதிரி உறுதி, ஆனால் குண்டு பெரிது, அரத்தால் தேய்க்க வேண்டும். தேய்த்தால் பலம் குறையுமோ என்று ஒரு யோசனை. திருப்பத்தூரிலிருந்து ஸ்போர்ட்ஸ் மாடல் சைக்கிளின் பிரேக் ஒயர் வந்தது. குண்டு கச்சிதம், ஆனால் ஒயர் இழுத்தால் நீள்கிறது. மெட்ராஸிலிருந்து ஒரு நண்பர் அனுப்பியதில் ஒயரும் சரி, குண்டும் சரி. அவுட்டருக்குள் வழுவழுப்பான உள்குழாய் இல்லை. மழைத்தண்ணீர் இறங்கினால் துருப்பிடிக்கும் என்றார்.

ஒவ்வொன்றையும் உத்தரத்தில் கட்டி, அடியில் தண்ணீர் நிரம்பிய பக்கெட்டைத் தொங்கவிடுவார். பக்கெட்டின் அடிப்பக்கம் நிற்கிற இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு. மறுநாள் காலையில் வந்து, கோட்டுக்குக் கீழே பக்கெட் இறங்கியிருக்கிறதா என்று கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார். தடுப்பூசிக்கு வந்த தாய்மார்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்த வேடிக்கையைப் பார்ப்பார்கள். எங்கள் நிலையத்தில் கூட்டிப் பெருக்கிய மலைக்கார ஆயாவுக்கு அந்தப் பக்கெட் இல்லாமல் வேலை ஓடாது. "சிஸ்டரு, தரை தொடைக்கணும். அந்தாளு எப்ப எறக்குவாரு?" என்று என்னிடம் வந்து நிற்பாள். நானா தொங்கவிட்டேன்?

அந்த ஆயா லேசுப்பட்டவளில்லை. பலாப்பழக் காலத்தில் ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போயிருந்தோம், ஆயாவும் நானும். அங்கே இவரும் இருந்தார். ஒரு மரத்தடியில் குவித்திருந்த பலாப்பழங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முள்ளைத் தடவினார், காம்பை மோந்தார். இரண்டைத் தனியாக எடுத்து வைத்து, இந்தக் கையில் ஒன்றும் அந்தக் கையில் ஒன்றுமாகத் தூக்கிப் பார்த்தார். நாங்கள் சாமையும் புளியும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது இரண்டில் ஒன்றை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சமிருந்ததையாவது எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? "போனதுதான் நல்ல பழமோ என்னமோ" என்று அதையும் வைத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினார். பஸ்ஸில் ஆயா என் காதோடு, "இந்தாளு பாத்துனே இருப்பாரு சிஸ்டரு. பழம் அழுவிப்பூடும்" என்றாள். எதற்கு என்னைப் பார்த்துச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மலையில் பெரியவர் சின்னவர் எல்லோரும் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மட்டும் கூப்பிட்டதில்லை. "ஏங்க" என்பார், "இங்க பாருங்க" என்பார், வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார். இதைக் கவனிக்காமல் இருக்க நான் என்ன மரமா? மழை நாளில் கிராமங்களுக்கு மருந்துப் பெட்டியோடு நான் நடந்து போனால், வேலை முடிந்து வருகிற வழியில் எங்கிருந்தோ வந்து பெட்டியை வாங்கிக்கொள்வார். பேச்செல்லாம் ஒயரைப் பற்றித்தான். ஆனாலும் கூட நடப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அது ஒயராக இருந்துவிட்டுப் போகட்டும் என்று கேட்டுக்கொண்டு நடப்பேன்.

ஒருமுறை மருந்து வாங்கிவர வேலூர் போக வேண்டியிருந்தது. அதே பஸ்ஸில் அவரும் ஏறினார். லாங்கு பஜாரில் ஒரு சைக்கிள் சாமான் கடை இருப்பதாகக் கேள்விப்பட்டாராம். என் வேலையை முடித்துக்கொண்டு நானும் அந்தக் கடைக்குப் போனேன். வயதான பாய் ஒருவர் கல்லாவில் இருந்தார். கடையில் இருந்த ஒயரெல்லாம் பிரிக்கப்பட்டு, கண்ணாடிப் பெட்டியின் மேல் சேமியா மாதிரி குவிந்து கிடந்தது. இவர் ஒரு நுனியைத் தீக்குச்சி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சார், இது பிரேக்கு ஒயரு. தாலிக் கவுறு இல்ல. அறுந்தா வேற ஒண்ணு போட்டுக்கலாம். எத்தையானா ஒண்ணு எடு சார்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. மிகவும் அக்கறையாக, "எல்லாத்துக்கும் அதே கவனம் வேணும் பாய். சின்னதுல வுட்டா பெருசுலயும் வுட்டுடுவோம்" என்றார். பாய் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு மட்டும் அந்தப் பேச்சு உள்ளே எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு ஒயருக்கே இத்தனை பார்க்கிறவர், வாழ்க்கையில் ஒருத்தியைத் தேடிப் பிடித்தால் எவ்வளவு பார்த்திருப்பார்! அப்படிப் பார்த்து எடுக்கப்படுகிறவள் எவ்வளவு கொடுத்து வைத்தவள்! இருபத்தைந்து வயதில் புத்தி அப்படித்தான் போகும்.

என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமிர்திப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். சைக்கிள்காரருடைய ஊர் போளூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், அவருடைய அம்மா அங்கே நிலத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தார். இரண்டு வீடும் ஒரே சாதி. கொள்வினை கொடுப்பினை இருக்கிற ஊர்கள்தான். ஜாதியோ அந்தஸ்தோ குறுக்கே நின்றிருந்தால் அதன்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அந்தப் பாக்கியமும் எனக்கு இல்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பா ஒரு வரன் வந்திருப்பதாகச் சொன்னார். காட்பாடியில் வாத்தியார். தையில் முடித்துவிட வேண்டும் என்றார். நான் யோசிக்க அவகாசம் கேட்டேன். சைக்கிள்காரரிடமிருந்து எனக்கும் அந்த நோய் தொற்றியிருந்தது போல. "மார்கழி பொறக்கறதுக்குள்ள சொல்லிடு. பையன் வூட்ல பதில் கேக்கறாங்க" என்று அப்பா கெடு வைத்தார்.

மலைக்குத் திரும்பியதும் நானே பேசினேன். அந்தக் காலத்தில் ஒரு பெண் பேசுகிற பேச்சில்லை அது. ஆனால் மருந்து கொடுக்கிறவள் நோயாளி கேட்கட்டும் என்று காத்திருக்க முடியுமா? பின்வராந்தாவில் அவர் சைக்கிளின் பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தூறல். நான் நேராகச் சொன்னேன்.

"எங்க வூட்ல எனக்கு ஒரு எடம் பாத்திருக்காங்க. மார்கழிக்குள்ள நான் பதில் சொல்லணும். உங்களுக்கு மனசிருந்தா அதுக்குள்ள எங்க அப்பாவ வந்து பாருங்க. நான் உங்களுக்குத்தான் சரின்னு சொல்லுவேன்."

சக்கரம் தானாகச் சுற்றி நின்றது. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அது பொய்யில்லை, இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நீங்க சொன்னது எனக்கு எவ்ளோ பெரிய விசயம்னு உங்களுக்குத் தெரியாதுங்க. ஆனா நான் யோசிச்சுத்தான் சொல்லணும். எங்க அம்மா மாமா பொண்ணப் பத்திப் பேசினு இருக்காங்க. அதையும் பாக்கணும், இதையும் பாக்கணும். அவசரப்பட்டுச் சரின்னு சொன்னா அது உங்களுக்குப் பண்ற மரியாதை இல்லைங்க."

வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்திலேயே மருந்துப் பாட்டிலை எடுத்து அடித்திருப்பாள். நான் உள்ளே போய் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? மரியாதை என்றாரே. மாமன் மகளை ஒரு தட்டிலும் என்னை ஒரு தட்டிலும் வைத்து, அந்த நீலத் தீயைப் பார்த்த கண்ணால் பார்க்கப் போகிறார். பார்க்கட்டும். ஒரு பெண் எடை போடப்படுவதில் எனக்கு வருத்தமே இல்லை, எடை போடுகிறவர் அவராக இருந்தால். நான் ஜெயிப்பேன் என்றும் உள்ளுக்குள் ஒரு திமிர் இருந்தது. தோற்றாலும் பார்த்துத்தான் தோற்றோம் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம் என்றும் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பெங்களூருக்குப் போன சக ஊழியர் ஒருவரிடம் சொல்லி இன்னொரு ஜோடி ஒயர் வரவழைத்தார். வெள்ளைக்காரன் நாட்டுச் சரக்கு, வெள்ளி மாதிரி மின்னியது, அவுட்டருக்குள் உள்குழாயும் இருந்தது. இனி என்ன, மாட்ட வேண்டியதுதானே என்றால், "ரொம்ப வழவழன்னு இருக்குது, பிடிச்ச எடத்துல நிக்குமான்னு தெரியலீங்க" என்றார். ஆக நான்கு ரகமும் என் வராந்தாச் சுவரில் நான்கு ஆணியில் தொங்கின. சைக்கிள் பிரேக் இல்லாமல் சாய்ந்து நின்றது. நான் தினமும் காலையில் நிலையத்தைத் திறந்ததும் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்ப்பேன். ஒரு ஆணி காலியாகிவிட்டால் அவருக்கு முடிவெடுக்கிற தைரியம் வந்துவிட்டது என்று அர்த்தம் என நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நான்கும் அப்படியே இருக்கும்.

"யோசிச்சிங்களா?" என்று நான் கேட்டதே இல்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்தது. டீக்கடைக்காரர் வைத்த டீ ஆறிப்போய்க் கிடந்ததாம். இந்த மனிதர் என்னால்தான் இப்படித் தவிக்கிறார் என்று எனக்கு இரக்கமாக வந்தது. அந்த இரக்கத்திலும் ஒரு இனிப்பு இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆயா மட்டும் ஒரு நாள் விளக்குமாறை நட்டுவைத்து நின்று, "சிஸ்டரு, உங்க ஊரு பஸ்ஸு வந்தா ஏறி குந்திடு. கொம்பு சைக்கிளு வரும்னு ரோட்ல நிக்காத" என்றாள். "உன் வேலையப் பாரு" என்று கடிந்துகொண்டேன்.

கார்த்திகை தீபத்துக்கு அவர் ஊருக்குப் போனார். போகும்போது, "வந்து சொல்றேங்க" என்றார். அதுவே எனக்குப் பெரிய விஷயம். அவர் ஊரில் இருந்த அந்த நாட்களில் எனக்கு என்ன வேலை செய்தோம், யாருக்கு ஊசி போட்டோம் என்று ஒன்றும் நினைவில்லை.

அவர் திரும்பி வந்த அன்று எனக்குப் பக்கத்துக் கிராமத்தில் வேலை. மத்தியானம் நான் வந்து சேர்ந்தபோது பின்வராந்தாவில் சைக்கிள் இல்லை. நான்கு ஆணியில் ஒன்று காலியாக இருந்தது. மாட்டிவிட்டார்! வாசலுக்கு ஓடி வந்தேன். மேட்டிலிருந்து அவர் இறங்கி வந்துகொண்டிருந்தார், தலைமுடி காற்றில் பறக்க, பையன் மாதிரி. எங்கள் வாசற்படிக்கு ஒரு முழம் முன்னால் சைக்கிள் சத்தமில்லாமல் நின்றது. முகத்தில் இருந்த கருப்பெல்லாம் போயிருந்தது. அத்தனை தெளிவான முகத்தை அவரிடம் நான் அதுவரை பார்த்ததில்லை.

"மாத்திட்டீங்களா! எந்த ஒயரு? பெங்களூருதா?"

"தெரியலீங்க. கைக்கு எது வந்துச்சோ அத மாட்டிட்டேன்."

நான் சிரித்தேன். விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"சொல்லிடறேங்க. அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். உங்களப் பத்தியும் சொன்னேன், ஒண்ணையும் மறைக்கல. மாமா பொண்ணப் பத்தியும் பேசினோம். ரெண்டு நாளு தூக்கமே இல்ல. எப்பிடிப் பாத்தாலும் ரெண்டு பக்கமும் சமமாவே வந்து நிக்குது. அம்மா பாத்தாங்க. இவன் இப்பிடியே குந்தினு இருந்தா பைத்தியம் புடிச்சிடும்னு, குலசாமி கோயிலுக்குக் கூட்டினு பூட்டாங்க. பூ கட்டிப் பாத்தோம்."

பூ கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். மனசு இரண்டுபட்டு நிற்கிறபோது, ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் இன்னொன்றில் சிவப்புப் பூவும் மடித்து சாமி காலடியில் போடுவார்கள். வெள்ளைக்கு இது, சிவப்புக்கு அது என்று வேண்டிக்கொண்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். கிணறு வெட்டவும், மாடு வாங்கவும், பிள்ளையை எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போடுவது என்பதற்கும் பார்ப்பதுண்டு. நானும் சாமி கும்பிடுகிறவள்தான். அதில் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை.

"செவப்பு உங்களுக்கு. வெள்ளை மாமா பொண்ணுக்கு. ஒரு சின்னப் பொண்ணு வந்து எடுத்துச்சு. பிரிச்சாங்க. வெள்ளைங்க."

அவர் தலை குனிந்திருந்தார். வருத்தப்படுகிறார் என்று நினைத்து நான் ஏதோ ஆறுதல் சொல்லக்கூட வாயெடுத்தேன். நர்ஸ் புத்தி. அதற்குள் அவர் நிமிர்ந்தார். வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அதற்குமேல் வேறொன்று இருந்தது.

"எப்பிடிச் சொல்றதுன்னு தெரியலீங்க. அந்தப் பொட்டலத்தப் பிரிச்சதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. தலையில இருந்து ஒரு மூட்டையை எறக்கி வெச்ச மாதிரி. வூட்டுக்கு வந்து படுத்தவன் விடியற வரைக்கும் எழுந்திருக்கல. வந்த ஒடனே ஒயரையும் மாட்டிட்டேன். இத்தினி நாளு ஏன் கெடந்து அவதிப்பட்டேன்னு தெரியல."

அவர் நல்லவர். இன்றைக்கும் அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். எழுதிப்போட்டுத் தப்பித்துக்கொள்ளாமல் நேரில் வந்து சொன்னாரே, எத்தனை ஆண்கள் செய்வார்கள்? நான் அந்த மார்கழி பிறப்பதற்கு முன்பே அப்பாவுக்குச் சரி சொன்னேன். காட்பாடிக்காரர் பெண் பார்க்க வந்த அன்றே, காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சம்மதம் சொன்னவர். புடவைக் கடையில் முதலில் பிரித்த புடவையையே எடுக்கச் சொல்லுகிற மனிதர். அவரோடு நான் ஒரு குறையும் இல்லாமல் வாழ்ந்தேன். ஆனாலும் வருத்தம் என்று ஒன்று, அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருந்துகொண்டேதான் இருக்கிறது.

கொம்பு சைக்கிள்காரர் என்னை வேண்டாம் என்று சொன்னதில் அந்த வருத்தம் இல்லை. எத்தனையோ பேருக்கு நடப்பதுதானே. மாதக்கணக்கில் அந்தப் பக்கெட்டையும் பென்சில் கோட்டையும் பார்த்துவிட்டு, எல்லாவற்றிலும் நல்லதைத் தேடுகிற மனிதர் என்று நான் நம்பினேன். அவருக்கோ தேர்ந்தெடுப்பது என்றாலே பயம். தப்பாகிவிடுமோ என்கிற பயத்தைத்தான் நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டு, அதற்குள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அவர் கிளம்பி, சைக்கிளில் ஒரு காலைப் போட்டபிறகு, கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டேன்.

"செவப்பு வந்திருந்தா?"

"நேரா உங்க அப்பாவைப் பாக்க வந்திருப்பேங்க. அப்பவும் இதே மாதிரி நிம்மதியாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். பழகிய அத்தனை நாளில், கொஞ்சமும் யோசிக்காமல் அவர் எனக்குச் சொன்ன பதில் அது ஒன்றுதான்.